ஒரே புழுவுக்கு இரண்டு பேர்: முராய்க்குருவியும் குருட்டு எலியும்

ரிங்லெட் லோரிக்காரர் | சனி, இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். கேமரன் மலை ரிங்லெட்டிலிருந்து எழுதுகிறேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். 'நம் ஊரில் வாழும் இரண்டு உயிரினங்களை ஒப்பிட்டு எழுதுக.' மற்ற பிள்ளைகள் பூனையும் நாயும், கோழியும் வாத்தும் என்று எடுத்துக்கொண்டார்களாம். இவள் முராய்க்குருவியையும், மண்ணுக்குள் போகும் அந்தக் கறுப்பு எலியையும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

எதனால் என்றால், போன வாரம் லயத்துக்குப் பின்னால் தேயிலை தொடங்கும் இடத்தில் புதிதாக மண் குவிந்திருந்தது. ஒரு முராய் வந்து அந்த ஈர மண்ணைக் கொத்திப் புழு ஒன்றை இழுத்துக்கொண்டு பறந்தது. அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால் சிமெண்டு லோங்காங்கில் (வடிகாலில்) அந்த எலி செத்துக் கிடக்கிறது. மகள் அதை எடுத்து பிஸ்கட் டின் மூடியில் வைத்து அரை மணி நேரம் பார்த்தாள். வெல்வெட் துணி மாதிரி மயிர். உடம்புக்குப் பொருந்தாத பெரிய உள்ளங்கைகள், வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றன. கண் இருக்கும் இடம் தெரியவில்லை, காது மடலும் இல்லை. "அப்பா, அந்தக் குருவியும் இதுவும் ஒரே புழுவுக்குத்தான் வந்திருக்கு" என்றாள்.

நான் லோரி ஓட்டுகிறவன். குருவிக்கு இறக்கை உண்டு, எலிக்கு இல்லை என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் வேண்டும்.

சுங்கை சிப்புட் மணி | சனி, இரவு 9.32

அண்ணே, இது எங்கள் பக்கத்திலும் நிறையக் கிடக்கிறது. ரப்பர் காலத்திலிருந்தே பார்க்கிறோம். நீள வால், பூனைக்குட்டி பருமன், ராத்திரியானால் குசினிக்குப் பின்னால் வந்து சட்டியை உருட்டும். மண் தோண்டுவதில் பலே கெட்டி.

பழைய கிராணி | சனி, இரவு 10.04

மணி தம்பி, நீங்கள் சொல்வது பெருச்சாளி. லோரிக்காரர் சொல்வது வேறு ஆள். அதற்கு வால் என்று ஒரு சின்ன முளைதான் இருக்கும். உள்ளங்கையில் அடங்கிவிடும். சட்டியை உருட்டுகிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது, மண்ணுக்கு மேலே வருவதே அபூர்வம்.

தேயிலை ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிராணியாக இருந்தவன் நான். அவ்வளவு காலத்தில் உயிரோடு நேரில் பார்த்தது இரண்டு தடவைதான். கொழுந்து எடுக்கும் பெண்கள் 'குருட்டு எலி' என்பார்கள். மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர் அதைத் தொட்டால் கண் போய்விடும் என்று சொல்லிப் பயமுறுத்திக்கொண்டே இருப்பார்.

ஒரு பழைய கதையும் உண்டு. 1929-இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில், இந்தியாவிலிருந்து தேயிலை வந்தபோது வேர் மண்ணோடு மண்ணாக இந்த எலியும் வந்து சேர்ந்துவிட்டது என்பார்கள். நம் தாத்தா பாட்டி மாதிரியே கப்பல் ஏறி வந்த கூட்டம். மகளை அதையும் எழுதச் சொல்லுங்கள், நன்றாக இருக்கும்.

விலங்கியல் மாணவி | சனி, இரவு 10.40

கிராணி ஐயா, அதை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். அந்தச் சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்ததுதான். நீங்கள் சொல்லும் குருட்டு எலிக்குப் புத்தகப் பெயர் அகழெலி. டார்ஜிலிங் பக்கம் வாழும் இமயமலை அகழெலிதான் தேயிலையோடு இங்கே வந்திருக்குமோ என்று யோசித்தார்கள். ஆனால் நடந்த கதை வேறு.

1940-இல் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் ஃபிரெடரிக் சேசன் இதற்கு 'மலயானா' என்று பெயர் வைத்தார். தனி இனமாக இல்லை, இமயமலை அகழெலியின் ஒரு கிளையாகத்தான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்த நாட்களில், தப்பிப் போன கப்பல் மூழ்கி அவரும் இறந்துவிட்டார். அப்புறம் நெடுங்காலம் இந்தப் பிராணி அப்படியே கிடந்தது. கடைசியில் ஜப்பான்காரர் கவாடா, நம் நாட்டு விலங்கியலாளர் லிம் பூ லியாட் ஆகியோர் அடங்கிய ஒரு குழு இதை எடுத்து, பல், மண்டை ஓடு, குரோமோசோம் எல்லாம் பார்த்து, இமயமலைக்காரனும் இதுவும் ஒன்றில்லை என்று 2008-இல் எழுதியது. இப்போது அதன் பெயர் யூரோஸ்கேப்டர் மலயானா. நெருங்கிய சொந்தக்காரர் தாய்லாந்தில் இருக்கிறார், இந்தியாவில் இல்லை.

அதாவது இது கப்பலில் வந்ததில்லை. தேயிலை வருவதற்கு முன்பே இந்த மலையில் இருந்தது. உலகத்தில் வேறு எங்கும் கிடையாது, கேமரன் மலையில் மட்டும்தான். அகழெலிக் குடும்பத்திலேயே ஆகத் தெற்கே வாழ்வதும் இதுதான். லோரிக்கார அண்ணன் வீட்டு லோங்காங்கில் விழுந்தது அப்படிப்பட்ட ஆள்.

பழைய கிராணி | சனி, இரவு 10.52

சரிதான். அப்போது கப்பலில் வந்தது நாம் மட்டும்தானா. இத்தனை வருடம் அதையும் நம் கூட்டத்தில் சேர்த்து வைத்திருந்தேன்.

கூண்டுக்காரன் | சனி, இரவு 11.10

எலியை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறீர்கள். முராயைப் பற்றி நான் சொல்கிறேன். என்னிடம் இருப்பது முராய் பத்து, லைசென்ஸ் எடுத்து வளர்க்கிறேன். லோரிக்கார அண்ணன் பார்த்தது முராய் கம்போங். இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் பாட்டில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பத்துவுக்கு வால் நீளம், நெஞ்சு செங்கல் நிறம், குரல் குழைந்து வரும். கம்போங் கறுப்பு வெள்ளை, விசில் அடிக்கிற மாதிரி தெளிவாகப் பாடும். ஆண் பளபளப்பான கறுப்பு, பெண் சாம்பல். வாலைத் தூக்கித் தூக்கி இறக்கும். 19 சென்டிமீட்டர், எடை 31 முதல் 42 கிராம் வரை. விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். எங்கள் தெருவில் கடிகாரமே தேவையில்லை.

தானா ராத்தா அக்கா | ஞாயிறு, காலை 6.50

கூண்டுக்காரத் தம்பி, லைசென்ஸ் வைத்திருக்கிறீர்கள், நல்லது. வைத்திருக்காதவர்கள் எத்தனை பேர்? போன வருடம் எங்கள் வீட்டுச் சுவரில் பழைய குழாய் போன ஓட்டையில் முராய் கூடு கட்டியது. நான்கு முட்டை. அடைகாக்க உட்கார்ந்தது பெண் மட்டும்தான். ஆண் கம்பியில் நின்று பாடும், பக்கத்து முராய் வந்தால் விரட்டும். ஒருநாள் மத்தியானம் ஆண் இல்லை. பசை தடவிய குச்சியோடு ஒரு ஆள் அந்தப் பக்கம் சுற்றியதை அப்புறம்தான் சொன்னார்கள். பெண் இரண்டு நாள் தனியாக அலைந்துவிட்டுக் கூட்டை விட்டுவிட்டது.

வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் கணக்கைப் படித்தேன். 2015 முதல் 2020 வரை மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா மூன்றிலும் கடத்தும்போது பிடிபட்ட முராய் கம்போங் மட்டும் 26,000-க்கு மேல். பிடிபட்டதே அவ்வளவு என்றால் பிடிபடாதது? முராய் பத்து நிலைமை அதைவிட மோசம், அதனால்தான் 2022-இல் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல குரல் அந்தக் குருவிக்கே எதிரியாகிவிட்டது.

கூண்டுக்காரன் | ஞாயிறு, காலை 7.20

அக்கா, எல்லோரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். என்னுடையது கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தது, காட்டிலிருந்து பிடித்ததில்லை. ஆனால் பசைக் குச்சிக்காரன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான்.

விலங்கியல் மாணவி | ஞாயிறு, காலை 8.05

அக்கா சொன்னதிலேயே தங்கச்சிக்கு ஒரு நல்ல ஒப்பீடு இருக்கிறது. ஒன்றைக் குரலுக்காகத் தேடிப் பிடிக்கிறார்கள். இன்னொன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, அதனால் தப்பித்தது.

சரி, உடம்புக்கு வருவோம். இரண்டும் பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல இருக்கும். ஆனால் கோழி நெஞ்சுக்கறியைப் பிய்த்தால் நடுவில் கத்தி மாதிரி ஒரு எலும்பு நிற்குமே, அது குருவிக்கும் உண்டு. இறக்கையை அடிக்கும் தசை அதில்தான் பிடித்திருக்கும். அகழெலியின் நெஞ்செலும்பின் முன்பக்கத்திலும் அதே போல ஒரு முகடு இருக்கிறது! அதுவும் தசை பிடிக்கத்தான். ஒன்று காற்றைத் தள்ளுகிறது, இன்னொன்று மண்ணைத் தள்ளுகிறது. கையால் தள்ளிப் பிழைக்கும் இரண்டு பிராணிகளுக்கும் நெஞ்சில் ஒரே மாதிரி ஏற்பாடு அமைந்திருக்கிறது.

கை எலும்பில்தான் பிரிகிறார்கள். குருவியின் மேல்கை எலும்பு மெல்லிய குழாய். அகழெலியினுடையது குட்டை, அகலம், கிட்டத்தட்டச் சதுரம். மனிதக் கையில் உள்ள அதே எலும்புதான் என்றால் நம்ப முடியாது. உள்ளங்கையின் ஓரத்தில் கட்டைவிரலுக்கு வெளியே அரிவாள் மாதிரி இன்னொரு எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் ஆறாவது விரல் போலவே இருக்கும். ஆனால் விரல் இல்லை, மூட்டு கிடையாது. மணிக்கட்டில் இருந்த ஒரு சின்ன எலும்பு நீண்டு வளர்ந்திருக்கிறது. ஐரோப்பிய அகழெலிகளை வைத்து 2011-இல் இதைக் காட்டினார்கள். மண்வெட்டி இலையை அகலமாக்கினால் ஒரு தடவைக்கு அதிக மண் வருமில்லையா, அந்தக் கணக்குதான்.

ரிங்லெட் லோரிக்காரர் | ஞாயிறு, காலை 8.30

மகள் ஓடிப் போய் தோட்டத்தில் புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படம் எடுத்து வைத்திருந்தோம், அதைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஆறாவது ஒன்று தெரிகிறது! அவள் அம்மாவும் வந்து பார்த்தாள்.

சுங்கை சிப்புட் மணி | ஞாயிறு, காலை 8.41

ஒரு சந்தேகம். தேயிலை வேரைக் கடிக்காதா? எலி என்றாலே வேரைக் கடிக்குமே. எங்கள் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்க ஆந்தைக் கூண்டு வைக்கிறார்கள்.

பழைய கிராணி | ஞாயிறு, காலை 9.15

தோட்டத்தில் கூட ரொம்பப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். வேர் ஓரமாக வளை போவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

விலங்கியல் மாணவி | ஞாயிறு, காலை 9.40

எலி என்ற பெயரால் வந்த வினை இது. எலி, பெருச்சாளி, மூங்கில் எலி எல்லாம் கொறிக்கும் இனம், முன்னால் உளி மாதிரி பல் இருக்கும். அகழெலிக்கு அது கிடையாது. சின்னச் சின்னக் கூர்மையான பற்கள், புழுவையும் பூச்சியின் புழுப்பருவத்தையும் பிடித்துத் தின்னத்தான். வேரைக் கடித்துச் சாப்பிட அதற்கு வாயே இல்லை. அதன் உண்மையான சொந்தம் மூஞ்சூறு.

பெந்தோங் தமிழாசிரியர் | ஞாயிறு, காலை 10.02

இங்கே நான் நுழைந்தே ஆக வேண்டும். மூஞ்சூறு சொந்தம் என்றால் பிள்ளையார் வாகனத்துக்குப் பங்காளி! இனி அதைத் தொட்டால் கண் போகும் என்று யாராவது சொன்னால், தொட்டால் புண்ணியம் என்று திருப்பிச் சொல்லுங்கள்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் அகழெலியே கிடையாது. இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடகிழக்கிலும்தான் உண்டு. அதனால் நம் முன்னோருக்கு அதற்கென்று ஒரு பழகிய சொல் தேவைப்படவில்லை. அகழெலி என்பது புத்தகத்துக்காக வந்த சொல். நல்ல சொல்தான், அகழ்வது அதன் வேலை. இருந்தாலும் கிராணி சொன்ன 'குருட்டு எலி' ரிங்லெட்டில் பிறந்த பெயர். மகள் கட்டுரையில் இரண்டையும் எழுதட்டும்.

குருவி அப்படி இல்லை. அது இங்கேயும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. அங்கே குண்டுக்கரிச்சான், வண்ணாத்திக்குருவி என்கிறார்கள். என் தாத்தா நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். வந்த புதிதில் லயத்து வாசலில் இந்தக் குருவியைப் பார்த்து, நம்ம ஊர்க் குருவி இங்கே எப்படி வந்தது என்று கேட்டாராம். அது எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயும் அதன் ஊர்தான். இவரிடம் யார் அதைச் சொல்வது?

ரிங்லெட் லோரிக்காரர் | ஞாயிறு, காலை 10.30

ஐயா, இதே மாதிரி எங்கள் வரிசையிலும் ஒன்று நடந்தது. பக்கத்து வீட்டில் வங்காளதேசத்துப் பையன்கள் நான்கு பேர், தேயிலை வெட்டும் மிஷின் பிடிக்கிறவர்கள். முராய் பாடினால் ஒருவன் நின்று கேட்பான். ஒருநாள் பர்சைத் திறந்து ஒரு கசங்கிய 2 டாக்கா நோட்டைக் காட்டினான். அதில் இதே குருவி! அவர்கள் ஊரில் தோயெல் என்பார்களாம், தேசியப் பறவையாம். அந்த நோட்டை அவன் செலவு செய்வதே இல்லை. இங்கே செலவு செய்யவும் முடியாது, அது வேறு.

தானா ராத்தா அக்கா | ஞாயிறு, காலை 10.44

அந்தப் பையனை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டீ கொடுங்கள் அண்ணா, என் கணக்கில்.

கூண்டுக்காரன் | ஞாயிறு, பகல் 12.15

மறுபடி பாட்டுக்கு வருகிறேன். அந்தப் பாட்டு எப்படி வருகிறது என்று மாணவி சொல்லட்டும். நான் பத்து வருடமாகக் கேட்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு குருவி பாடுகிற மாதிரி சில சமயம் இருக்கும்.

விலங்கியல் மாணவி | ஞாயிறு, பகல் 1.20

அண்ணா, உங்கள் காது நல்ல காது. நமக்குக் குரல் பெட்டி தொண்டையில். குருவிக்கு அது இன்னும் கீழே, மூச்சுக்குழாய் இரண்டு கிளையாகப் பிரியும் இடத்தில். ஒவ்வொரு கிளைக்கும் தனித் தசை, தனி அதிர்வு. அதனால் பாட்டுப்பறவைகள் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு ஒலியை ஒரே நேரத்தில் எழுப்ப முடியும். இன்னொன்று, அது பிறக்கும்போதே பாட்டோடு பிறப்பதில்லை. குஞ்சாக இருக்கும்போது பெரிய ஆண் குருவிகளைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. முதலில் உளறும், அப்புறம் தேறும். முராய் மற்ற பறவைகளின் குரலையும் எடுத்துத் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும்.

ஆனால் என்னைக் கேட்டால் பாட்டைவிட ஆச்சரியம் மூச்சுதான். குருவியின் நுரையீரலோடு காற்றுப்பைகள் சேர்ந்திருக்கும். அவற்றால் நுரையீரல் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். மூச்சை வெளியே விடும்போதும் புதிய காற்று நுரையீரலுக்குள் போய்க்கொண்டிருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை, உள்ளே போன வழியாகவே வெளியே வர வேண்டும்.

இப்போது அகழெலியை நினைத்துப் பாருங்கள். வளைக்குள் காற்றோட்டம் குறைவு. தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டும். அந்தக் காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், கரியமில வாயு ஏறியிருக்கும். அதில் நாம் மண் தோண்டினால் மயங்கி விழுவோம். வட அமெரிக்காவின் கிழக்கு அகழெலியின் ரத்தத்தை ஆராய்ந்து 2010-இல் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். அதன் ஹீமோகுளோபின் சற்று மாறியிருக்கிறது, கரியமில வாயுவைக் கூடுதலாகச் சுமந்துகொண்டு போய் வெளியே விடுகிறது. நம் மலை அகழெலியை யாராவது இப்படிப் பார்க்க வேண்டும். எனக்கு ஆசைதான், ஆனால் அதைப் பிடிக்க முதலில் அனுமதி வேண்டும், அப்புறம் பொறுமை வேண்டும்.

சுங்கை சிப்புட் மணி | ஞாயிறு, பகல் 1.45

அப்போது கண்? உண்மையில் குருடா இல்லை சும்மா சொல்கிறார்களா?

விலங்கியல் மாணவி | ஞாயிறு, பகல் 2.10

ஐரோப்பாவில் இருப்பதற்கு மிளகைவிடச் சின்னக் கண் உண்டு, வெளிச்சமா இருட்டா என்பது தெரியும். நம்முடையது யூரோஸ்கேப்டர் வகை, கண்ணை மேலே தோல் மூடியிருக்கும். லோரிக்கார அண்ணன் மகள் கண்ணைக் காணவில்லை என்று சொன்னது அதனால்தான்.

முராய் இதற்கு நேர் எதிர். முகத்தில் கண்தான் முதலில் தெரியும். விடியுமுன் அரை இருட்டில் பாடுகிறது, இருட்டிய பிறகும் தரையில் தேடிக்கொண்டிருக்கும்.

பெந்தோங் தமிழாசிரியர் | ஞாயிறு, பகல் 3.00

ஆசிரியராக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் வரை போய்விட்டோம். அவள் முதல் நாளே சரியான இடத்தைப் பிடித்துவிட்டாள்: ஒரே புழு, இரண்டு பேர். கட்டுரையை அங்கேயே கட்டுங்கள். குருவி புழுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது, குருட்டு எலி எப்படிக் கண்டுபிடிக்கிறது. மற்றதெல்லாம் அதற்குள் தானாக வரும்.

போகிற போக்கில் ஒரு சரித்திரம். 1702-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியத்தின் குதிரை அகழெலி தள்ளிய மண்மேட்டில் இடறியது. அரசர் விழுந்து தோள் பக்கத்து எலும்பு முறிந்து, அதன் பின்விளைவில் இறந்தார். அவருடைய எதிரிகள் 'கறுப்பு வெல்வெட் போட்ட சின்னக் கனவானுக்கு' என்று சொல்லிக் கோப்பையைத் தூக்கினார்களாம். கட்டுரைக்கு இது வேண்டாம். எனக்குப் பிடித்ததால் சொன்னேன்.

விலங்கியல் மாணவி | ஞாயிறு, மாலை 4.25

ஐயா சொன்னது சரி. தங்கச்சிக்காக எளிதாக எழுதுகிறேன், அவளே தன் சொல்லில் மாற்றிக்கொள்ளட்டும்.

முராய் தாழ்ந்த கிளையிலோ வேலிக் கட்டையிலோ நின்று தரையைப் பார்க்கும். அசைவு தெரிந்தால் கீழே குதிக்கும், இரண்டு மூன்று துள்ளல், ஒரு கொத்து. வெட்டுக்கிளி, புழு, பூரான், சில சமயம் சின்னப் பல்லிகூட அதற்குச் சாப்பாடு. யாராவது மண்ணைக் கிளறிக் கொடுத்தால் வேலை மிச்சம்.

அகழெலி தேடிப் போவதைவிட வழியை வெட்டி வைத்துக் காத்திருக்கிறது என்று சொல்லலாம். வளை என்பது வீடு மட்டுமில்லை, பொறியும் அதுதான். மண்ணுக்குள் நகரும் புழு வளைக்குள் வந்து விழும். அகழெலி சுற்றி வரும்போது மூக்கு நுனியால் தொட்டுத் தெரிந்துகொள்ளும். அந்த மூக்கு நுனியில் தொடுஉணர்வுக்கென்றே ஆயிரக்கணக்கான சின்னப் புடைப்புகள் இருக்கும். 1871-இல் ஐமர் என்ற ஜெர்மானியர் ஐரோப்பிய அகழெலியில் முதலில் விவரித்ததால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். மயிர் வெல்வெட் மாதிரி இருப்பதற்கும் காரணம் உண்டு. அது ஒரு பக்கமாகப் படிந்து கிடப்பதில்லை. முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் மண் சுவரில் மாட்டாது.

ஐரோப்பிய அகழெலி இன்னொரு வேலையும் செய்யும். மிஞ்சிய புழுவின் தலைப்பக்கத்தைக் கடித்துவிட்டு வளைக்குள் சேர்த்து வைக்கும். புழு சாகாது, ஆனால் ஓடவும் முடியாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் புதிதாக வைத்திருக்கும் வழி.

தானா ராத்தா அக்கா | ஞாயிறு, மாலை 4.40

ஐயோ, இதை இரவு சாப்பாட்டுக்கு முன்னால் படித்தேன்.

பழைய கிராணி | ஞாயிறு, மாலை 6.10

இன்று சாயங்காலம் முழுவதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு விஷயம் தோன்றியது. காய்கறித் தோட்டத்தில் மண்ணை வருடத்துக்குப் பல தடவை புரட்டுகிறார்கள், மேலே பிளாஸ்டிக் கூரையும் போடுகிறார்கள். தேயிலை அப்படி இல்லை. ஒருமுறை நட்டால் பல பத்து வருடம் அதே இடத்தில் நிற்கும், அடிமண்ணை யாரும் தொடுவதில்லை. கவ்வாத்து வெட்டிய இலை அங்கேயே விழுந்து மக்கும், அதற்குப் புழு வரும். தேயிலையோடு வந்தது என்று நாங்கள் சொன்னது பொய். ஆனால் தேயிலை அதற்கு நிழல் கொடுத்தது உண்மையாக இருக்கலாம் என்று என் மனதுக்குப் படுகிறது. இது என் யோசனைதான், மாணவி திருத்தலாம்.

விலங்கியல் மாணவி | ஞாயிறு, மாலை 6.35

திருத்துவதற்கு ஒன்றுமில்லை ஐயா. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அதைப் பிடித்து ஆராய்ந்ததும் தேயிலைத் தோட்டங்களில்தான்.

கூண்டுக்காரன் | ஞாயிறு, இரவு 8.00

அண்ணே, கட்டுரையில் கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்று எழுதுவாளா? என் ஓட்டு முராய்க்கு.

சுங்கை சிப்புட் மணி | ஞாயிறு, இரவு 8.04

என் ஓட்டு எலிக்கு. நேற்று வரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ரிங்லெட் லோரிக்காரர் | செவ்வாய், இரவு 9.50

மன்னிக்கவும், நேற்று குவாந்தானுக்கு லோடு, எழுத முடியவில்லை. கட்டுரையைக் கொடுத்துவிட்டாள், ஒன்றரைப் பக்கம். 'ஒரு மண்புழு இருந்தது' என்று தொடங்கி, மேலிருந்து ஒருவர், கீழிருந்து ஒருவர் என்று எழுதியிருக்கிறாள். ஆறாவது விரலைப் படமாக வரைந்து அம்புக்குறி போட்டிருக்கிறாள். 2 டாக்கா நோட்டும் வந்துவிட்டது. யார் ஜெயித்தது என்று எழுதவில்லை. கேட்டதற்கு, "புழுதான் தோத்துச்சு" என்றாள்.

இன்னொரு வேலையும் கொடுத்தாள். லோங்காங்கில் சாய்வாக ஒரு பலகை வைக்கச் சொன்னாள், அடுத்த தடவை ஏதாவது விழுந்தால் ஏறி வர வழி வேண்டுமாம். பழைய பெட்டிப் பலகை ஒன்றை ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

தானா ராத்தா அக்கா | செவ்வாய், இரவு 10.05

பலகையில் கோணிச் சாக்கு சுற்றுங்கள் அண்ணா. ஈரத்தில் வழுக்கும்.

ரிங்லெட் லோரிக்காரர் | வெள்ளி, காலை 7.15

நீங்கள் சொன்னது சரிதான் அக்கா. நேற்று ராத்திரி மழையில் பலகையே அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்று சாக்கு சுற்றி, கம்பியால் கட்டி, வேறு ஒன்று வைக்கிறேன். முராய் லோங்காங் விளிம்பில் உட்கார்ந்து நான் மண் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.